பின் வளவில காடை மாதிரி ஒண்டு, திரும்ப வரப்பண்ணுறது எப்படி?

அத்திடியப் பெடியன்: அவசரம். பின் வளவில காடை ஒண்டு நிண்டது. ஃபோனை எடுத்துக்கொண்டு வர ஆளைக் காணேல்லை. மூண்டு நாளா அரிசி போடுறன், காகமும் மைனாவும்தான் வருது. வேற என்ன போடவேணும்? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

கிணத்தடி: எவ்வளவு பெருசு? என்ன நிறம்? வளவுக்குப் பக்கத்தில என்ன இருக்கு? காடை எண்டு எதை வச்சு முடிவெடுத்தீங்கள்?

வெள்ளவத்தை மாமி: தம்பி, முகமும் நெஞ்சும் வெள்ளையா, வாலை ஆட்டி ஆட்டி நடந்ததோ? அப்ப அது கொரவக்கா, கானாங்கோழி. எங்கட வாய்க்காலடியிலயும் திரியுது.

கூடு திறந்தவன்: ஆரோ முட்டைக்கு வளத்த யப்பான் காடை தப்பி வந்திருக்கும். போன வருசம் என்ர ரெண்டு பறந்தது. ஆர் கண்டது, என்ரதாயும் இருக்கலாம் 😄

பழைய பைனாகுலர்: "காடை மாதிரி" என்று ஒரு பறவை இல்லை. கால் விரல்களை எண்ணினீர்களா? பின்விரல் இல்லாமல் முன்னுக்கு மூன்று மட்டும் என்றால் அது கோழிச் சாதியே அல்ல, உள்ளான், கடற்காகம் இவற்றின் உறவு. சிங்களத்தில் இதன் பெயர் "போல வட்டுவா". யப்பான் காடைக்குப் பின்விரல் உண்டு. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

அத்திடியப் பெடியன்: ஓடுற குருவியின்ர விரலை எப்படி ஐயா எண்ணுறது? பின் மதிலுக்கு அங்கால சதுப்பு. மைனாவை விடச் சின்னன், மண்ணிறம், வால் இருக்கிறமாதிரியே தெரியேல்லை. தொண்டை கறுப்பு, நெஞ்சில வரி. அது ஆண் போல. ஒரு கிழமைக்கு முதல் கறுப்பில்லாத தாய் ஒண்டு மூண்டு குஞ்சோட மதிலோரம் போனது, சொல்ல மறந்திட்டன்.

கிணத்தடி: இதையெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்! பைனாகுலர் ஐயா சொன்ன மூண்டு விரல்காரர்தான். ஆனா கறுத்தத் தொண்டை பெட்டைக்கு. இதுகளில பெட்டைதான் பெருசு, வடிவும் அவவுக்குத்தான். முட்டையைச் சேவலிட்ட விட்டிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போயிடுவா. அடைகாக்கிறதும் குஞ்சு பாக்கிறதும் அவர். நீங்கள் கண்ட "தாய்" தகப்பன்.

அரிசியை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. காகம் பழகினா குஞ்சு மிஞ்சாது, இரவில எலியும் வரும். மதிலோரம் ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கோ. புல்லு விதை, கறையான், எறும்பு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. புழுதி குளிக்கக் கொஞ்சம் காய்ஞ்ச மண், ஒரு தட்டையான தட்டில தண்ணி. பூச்சி மருந்து அடிக்கவே கூடாது.

ஒரு கேள்வி: விடியவும் பின்னேரமும் தூரத்தில மோட்டர்சைக்கிள் ஓடுறமாதிரி ட்ர்ர்ர்ர் எண்டு கேக்குதோ? அது பெட்டையின்ர கூப்பாடு.

வெள்ளவத்தை மாமி: புல்லை வளரவிட்டா பாம்பு. தண்ணி வச்சா டெங்கு. சுகாதாரப் பரிசோதகர், அந்த பி.எச்.ஐ. வந்து எழுதினா காடையோ வந்து கோட்டில நிக்கும்?

கிணத்தடி: நுளம்பு முட்டை வளந்து பறக்க ஒரு கிழமை எண்டாலும் வேணும் மாமி. நாளாந்தம் தண்ணியை ஊத்திப்போட்டு ஓரத்தைத் தேய்ச்சாச் சரி. முட்டை ஒட்டுறது அந்த ஓரத்திலதான்.

வெள்ளவத்தை மாமி: மேல் வீட்டு ஆளும் இப்படித்தான் விளக்கம் சொன்னவர். பிறகு அந்த வீட்டில ரெண்டு பேருக்கு டெங்கு.

கூடு திறந்தவன்: பூச்சாடித் தட்டு, சிரட்டை, யோகட் கப் எல்லாத்தையும் விட்டிட்டுக் காடையின்ர தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள் மாமி. அதை விடுங்கோ, அந்தச் சோடியைப் பிடிச்சுக் கூட்டில விட்டா முட்டை போடுமோ?

பழைய பைனாகுலர்: பிடித்தால் பி.எச்.ஐ. அல்ல, வனசீவராசிகள் திணைக்களம் வரும். தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. பெல்லன்வில அத்திடிய சதுப்பு 1990இல் சரணாலயமானது. இதையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

கூடு திறந்தவன்: பகிடிக்குக் கேட்டனான் ஐயா.

வெள்ளவத்தை மாமி: பகிடியோ? உம்மட கூட்டுக்குள்ள தண்ணி வைக்கிற பாத்திரத்தை எத்தினை நாளைக்கு ஒருக்காக் கழுவுறீர்?

*(நாலு நாளைக்குப் பிறகு)*

அத்திடியப் பெடியன்: ட்ர்ர் சத்தம் கேக்குது. பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் எண்டு நினைச்சுப் போன மாசம் அந்த அங்கிளோட சண்டை பிடிச்சனான். அவையிட்ட மோட்டரே இல்லையாம். புல்லு வெட்டேல்லை, அரிசியும் போடேல்லை. நன்றி. எங்கட பூனையை மட்டும் என்ன செய்யிறது?

கிணத்தடி: பூனையோ? எந்தப் பூனை?