புதுப்பிப்பு: பைத்தானில் வந்த சான்றிதழ் பிழை தீர்ந்தது

ஒரு ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் இடைமுகம்) முகவரி குரோமில் ஒழுங்காகத் திறக்கிறது, பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் மட்டும் ‘வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது எனப் போன வாரம் கேட்டிருந்தேன். தப்பு என் கோடில் இல்லை.

சர்வர் எந்தெந்தச் சான்றிதழை அனுப்புகிறது என்று பார்க்க, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் (பைத்தானும் பாதுகாப்பான இணைப்புக்குப் பயன்படுத்தும் மென்பொருள்) எஸ்-கிளையன்ட் கட்டளையை ஷோசர்ட்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினேன். வந்தது 0 என்ற எண்ணில் ஒரே ஒரு சான்றிதழ், தளத்தினுடையது. அதை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைச் சர்வர் அனுப்பவே இல்லை! தளச் சான்றிதழுக்குள் இருக்கும் முகவரிக்குப் போய் குரோம் இடைநிலைச் சான்றிதழைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படிப் போகாது. சர்டிஃபையை (ரிக்வெஸ்ட்ஸ் நம்பும் சான்றிதழ்களின் தொகுப்பு) எத்தனை முறை அப்டேட் செய்தும் பலனில்லாததற்கு இதுதான் காரணம்: அதில் மூலச் சான்றிதழ்கள் மட்டுமே உண்டு.

ரிக்வெஸ்ட்ஸில் வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்கி, சான்றிதழ் சரிபார்ப்பையே நிறுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் செய்யவில்லை. எதிர்முனையில் இருப்பது யார் என்றே தெரியாமல் குறியாக்கம் செய்து என்ன பயன்?

தற்காலிகமாக இடைநிலைச் சான்றிதழை இறக்கி, சர்டிஃபை கோப்பின் நகலில் ஒட்டி, அந்தப் பாதையை வெரிஃபைக்குக் கொடுத்தேன். (இறங்கியது டெர் என்ற பைனரி வடிவம். பெம் என்ற உரை வடிவமாக மாற்றாமல் ஒட்டி அரை மணி நேரம் விழித்தது தனிக்கதை.)

அப்புறம் சர்வர்காரர்களுக்கு எழுதினேன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில், இடைநிலையும் சேர்ந்த ஃபுல்செயின் கோப்புக்குப் பதில் தளச் சான்றிதழ் மட்டும் உள்ள சர்ட் கோப்பைக் காட்டியிருந்தார்களாம். நேற்று மாற்றிவிட்டார்கள். இப்போது 0, 1 இரண்டும் வருகின்றன. என் ஒட்டுக்கோப்பை அழித்துவிட்டேன்.