பேதுருவை மன்னித்தது சரி, பணப்பெட்டிச் சாவியையும் கொடுக்கலாமா?

கொள்ளிடக்கரையான் | இரவு 8:50

எங்கள் பங்குக் கோவிலில் ஒரு பிரச்சினை. உங்கள் கருத்து வேண்டும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுதப்போவதில்லை, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் மேட்டூர் அணையை செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை போச்சு. சம்பாவையாவது பார்க்கலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையும் பொய்த்தது. அந்த வருஷத்தை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர் கையில் அப்போது தலைக்கட்டு வரி வசூலித்த பணம் 38,000 ரூபாய் இருந்தது. அவருடைய மூன்று ஏக்கர் சம்பா தொண்டைக் கதிரில் நின்றது. அந்தப் பணத்தில் டீசல் வாங்கி இன்ஜின் வைத்து இறைத்தார். பத்து நாளில் போரிலேயே தண்ணீர் இறங்கிவிட்டது. பயிரும் போச்சு, கோவில் பணமும் போச்சு.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டை விரித்து, எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார் என்று வரிசையாகப் படித்தார். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வரியைக்கூட விடவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். 2020-ல் எட்டு வருஷம் கழித்து ஜூன் 12-ல் தண்ணீர் வந்ததே, அந்தக் குறுவையை அறுத்த கையோடு கடைசி 6,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது புதுக் கமிட்டி போடுகிறோம். பொருளாளராக அவர் பெயரை நான் சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

என் நியாயம் இதுதான். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி, அவருடைய சீடர் பேதுரு மூன்று தடவை 'அந்த மனுஷனை எனக்குத் தெரியாது' என்றார். சேவல் கூவியதும் வெளியே போய் மனம் கசந்து அழுதார். அதற்கு முன்பே விண்ணரசின் திறவுகோல்களை அவருக்குத் தருவதாக ஆண்டவர் சொல்லியிருந்தார். மறுதலித்த பிறகு அந்த வாக்கைத் திரும்ப வாங்கவில்லை. 'என் ஆடுகளை மேய்' என்று மந்தையையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் கொடுத்ததை நாம் கொடுக்க மாட்டோமா?

ஓடம்போக்கி | இரவு 9:20

சகோதரரே, நான் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. ஆனாலும் நீங்கள் கேட்பது தப்பு.

மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. பேதுரு பயத்தில் விழுந்தார். அவரும் இன்னொரு சீடரும் தவிர மற்றவர்கள் இயேசுவை விசாரித்த தலைமைக் குருவின் முற்றம் வரைக்கும்கூட வரவில்லை. பணம் சம்பந்தப்பட்ட கதை வேண்டுமென்றால் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசை எடுங்கள். பணப்பை அவனிடம்தான் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டும் இருந்தான் என்று யோவான் நற்செய்தி 12-ல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் பொருளாளர் யூதாசு என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பலவீனம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே ஆளைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்கிறேன்.

ஒரு தடவை வழுக்கி விழுந்த வரப்பிலேயே தலையில் நெல்லுக்கட்டை ஏற்றி நடக்கச் சொல்வது அன்பா? மழை பொய்க்கும் வருஷம் மறுபடியும் வரும். அப்போதும் அவருக்கு மூன்று ஏக்கர் இருக்கும், கையில் கோவில் பணமும் இருக்கும்.

தரங்கை வாசகன் | இரவு 9:45

நான் லுத்தரன் சபை, தரங்கம்பாடி. உங்கள் பங்கு விவகாரத்தில் எனக்கு வேலையில்லை, ஆனால் இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதில்லை என்பதால் எழுதுகிறேன்.

250-ல் ரோமப் பேரரசர் தேசியுஸ் ஓர் ஆணை போட்டார். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சீட்டுகள் சில எகிப்தில் பாப்பிரஸ் தாளில் அப்படியே கிடைத்திருக்கின்றன. பலி செலுத்திய கிறிஸ்தவர்கள் உண்டு, பலி செலுத்தாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களும் உண்டு. துன்புறுத்தல் ஓய்ந்ததும் இவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். ரோமில் நொவாசியன் என்ற குரு இவர்களைச் சபை மறுபடி சேர்க்கவே கூடாது என்று பிரிந்து போனார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், வருந்தித் தவம் செய்யட்டும், சேர்த்துக்கொள்வோம் என்றார். சபை சிப்ரியான் பக்கம்தான் நின்றது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பெயினில் இரண்டு ஆயர்கள் இப்படிச் சீட்டு வாங்கிவிட்டு மறுபடியும் ஆயர் பதவியைக் கேட்டபோது அதே சிப்ரியான் மறுத்துவிட்டார். விசுவாசியாக வரலாம், தலைமை தாங்க முடியாது என்பதுதான் அவர் எழுதிய கடிதத்தின் சாரம். ஓடம்போக்கி ஐயா சொல்வதும் அதுதானே?

கொள்ளிடக்கரையான் | இரவு 10:05

தரங்கை நண்பரே, நல்ல விஷயம் சொன்னீர்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 250-ல் அந்த ஆணை வந்தபோது சிப்ரியான் எங்கே இருந்தார்? கார்த்தேஜை விட்டுப் போய் மறைவாக இருந்தார். சபை சிறையில் கிடக்கும்போது மேய்ப்பன் ஓடிவிட்டான் என்று அவர் காலத்திலேயே பேசினார்கள். யாராவது ஆயர் பதவியைப் பிடுங்கினார்களா? இல்லை. எட்டு வருஷம் கழித்து அடுத்த துன்புறுத்தலில் அவர் ஓடவில்லை. 258 செப்டம்பர் 14-ல் தலையை வெட்டினார்கள். முதல் தடவையே பதவியைப் பறித்திருந்தால்?

தரங்கை வாசகன் | இரவு 10:20

ஓடுவதும் பலி செலுத்துவதும் ஒன்றில்லை. ஒரு பட்டணத்தில் துன்புறுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மறைவில் இருந்தும் அவர் சபைக்குக் கடிதம் எழுதிக்கொண்டேதான் இருந்தார். இருந்தாலும் நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் மனதில் அது முள்ளாக இருந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஓடம்போக்கி | இரவு 10:32

பேதுருவுக்கே வருவோம். உயிர்ப்புக்குப் பிறகு, தூய ஆவி இறங்கிய பிறகு, அந்தியோக்கியாவில் என்ன நடந்தது? பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினேன் என்று பவுல் கலாத்தியர் 2-ல் எழுதுகிறார். அன்று மறுதலித்தபோது வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்த மாதிரியே இன்றும் மனுஷருக்குப் பயம். அழுதார், மன்னிக்கப்பட்டார், பலவீனம் மட்டும் போகவில்லை. ஆகவே பெட்டிக்கு இரண்டு சாவி, வங்கியில் மூன்று பேர் கையெழுத்து, மாதக் கணக்கு கோவில் சுவரில். இதெல்லாம் இருந்தால் யோசிக்கலாம். இல்லாமல் கொடுப்பது அவருக்கே செய்யும் துரோகம்.

வெண்ணாற்றங்கரை | இரவு 10:50

நானும் அதே பங்குதான். கொள்ளிடக்கரை அண்ணன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் சொன்னது எதுவும் பொய் இல்லை. அவர் எழுந்து நின்று கணக்குப் படித்ததை நானும் பார்த்தேன், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் 2018-ல் நடந்ததையும் எழுதுங்கள் அண்ணே. தெற்குத் தெருப் பையன் ஒருத்தன், 16 வயசு, உண்டியலில் குச்சியை விட்டு 700 ரூபாய் எடுத்தான். அவனைக் கொடிமரத்தில் கட்டி வைத்தார்கள். அவன் அம்மா பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஓடிவந்து ஒவ்வொருத்தர் காலாக விழுந்தாள். பேதுருவை அன்றைக்கு யாரும் பேசவில்லை. 38,000 எடுத்தவருக்கு மூன்று ஏக்கர் இருந்தது, கட்ட முடிந்தது, எழுந்து நின்று பேச ஒரு இடமும் இருந்தது. அவனைப் பேசவே விடவில்லை.

பந்தியை விட்டு விலகிய பேதுருவைப் பற்றி ஐயா சொன்னார். எங்கள் ஊரில் யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்பது இன்னும் கேள்விதான். அதனால்தான் இரக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் அவருக்கு எதிரி இல்லை. எங்களுக்கு ஒரு அளவு, உங்களுக்கு ஒரு அளவு என்றால் அது கிருபை இல்லை, சொந்தபந்தம்.

பூண்டி நடை | இரவு 11:15

வருஷாவருஷம் பூண்டி மாதாவுக்கு நடந்து போகிறவள் நான். இதே பங்கு. அந்த 38,000-ல் எங்கள் வீட்டு வரியும் இருந்தது, என் மாமியார் நெல் விற்றுக் கொடுத்த காசு. அதனால் பேச எனக்கும் உரிமை உண்டு.

அண்ணன்மார் எல்லாரும் சாவியையே பேசுகிறீர்கள். அவர் கேட்டாரா? போன பெரிய வியாழன் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒருத்தர் வரவில்லை என்று ஃபாதர் அவரைக் கூப்பிட்டார். அவர் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், நான் பெண்கள் வரிசையில் அதற்கு நேரே இருந்தேன். இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வற்புறுத்திக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். குதிகால் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு, வெடிப்புக்குள் கழுவினாலும் போகாத களிமண். ஃபாதர் தண்ணீர் ஊற்றியதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் வேண்டாம் என்றுதானே சொன்னார்? தாழ்மை என்றால் அடுத்தவன் காலைக் கழுவுவது மட்டும் என்று நினைத்திருந்தேன். தன் காலை நீட்டுவது அதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. யோவான் 18-ல் பேதுரு மறுதலித்தபோது கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். 21-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே பேதுருவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்காதா? ஆனால் அவர் உடனே கேள்வி கேட்கவில்லை. முதலில் 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று மூன்று தடவை. மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. வலிக்கத்தான் கேட்டார், ஆனால் பசியாற்றிவிட்டுக் கேட்டார். இத்தனை வருஷத்தில் யாராவது அந்த மனுஷன் வீட்டில் கை நனைத்தீர்களா? திருவிழாச் சாப்பாட்டில் அவர் பரிமாறுகிறார், கடைசியில் அண்டா கழுவுகிறார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஓடம்போக்கி | இரவு 11:30

சகோதரி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. சாவி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கையெழுத்து இல்லாமல் யார் கையிலும் பணம் இருக்கக்கூடாது. தப்பே செய்யாதவர் கையிலும்தான்.

கொள்ளிடக்கரையான் | இரவு 11:55

மூன்று கையெழுத்து என்றால் அவரே முதலில் சம்மதிப்பார், ஐயா. அதை நான் கூட்டத்தில் சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கு. அரை மணி நேரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும், கபடி டீமுக்கு பனியன் வாங்கிக் கொடுத்தவனே நான்தான். கூட்டத்தில் ஒருத்தர் என்னைப் பார்த்து, 'உங்க பின்னாடியே சுத்துவானே, அந்தப் பய தானே?' என்று கேட்டார். 'எனக்கென்ன தெரியும்' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியுமா?

வெண்ணாற்றங்கரை | இரவு 12:05

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கோவில் பக்கமே வருவதில்லை. அம்மாவைப் பார்க்க வந்தாலும் ராத்திரி பஸ்ஸில் வந்து ராத்திரி பஸ்ஸிலேயே போய்விடுவான். நம்பர் என்னிடம் இருக்கிறது.

கொள்ளிடக்கரையான் | இரவு 12:08

தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. கமிட்டிக் கூட்டத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க ஃபாதரிடம் கேட்கிறேன். போனில் பேசுகிற விஷயம் இல்லை இது. நேரில் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை | இரவு 12:14

அனுப்பிவிட்டேன் அண்ணே. அவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் தூங்குவான், பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள்.