சேர்ந்த முதல் வாரமே பாதுகாப்புத் தாளின் எட்டாவது பிரிவைப் படியுங்கள்

புதிதாக வந்து வெல்டிங், பெயிண்ட் ஷாப், வேர்ஹவுஸ் என்று சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சம்பளம், தங்குமிடம், வரி எல்லாம் விசாரிக்கிறோம். நாள் முழுக்க எந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறோம் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வேலை செய்த பெயிண்ட் ஷாப்பில் தின்னர் டப்பா மூடியே இல்லாமல் கிடக்கும். சாயங்காலம் தலை கனக்கும். பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும். அலுப்பு என்றே நினைத்தேன். எனக்குக் கொடுத்திருந்தது தூசி மாஸ்க். அது ஆவியைத் தடுக்காது, கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் வேண்டும் என்று கூட வேலை செய்த அண்ணன் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தாடி இருந்தால் அந்த மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் ஆவி புகுந்துவிடும்.

வருடக்கணக்கில் தின்னர் ஆவியைச் சுவாசித்தால் ஞாபகமும் கவனமும் குறையலாம். வெல்டிங் புகையில் உள்ள மாங்கனீசு என்னும் உலோகம் மூளையில் சேர்ந்தால் நடை தடுமாறலாம். டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்னது. காற்று மாசு, காது மந்தம், தலையில் அடி மூன்றும் அதில் உண்டு. மூன்றுமே நம்மில் பலருக்கு வேலையிடத்தில் நேர்பவை. எல்லோருக்கும் நோய் வரும் என்று பயமுறுத்தவில்லை. வாய்ப்பு கூடுகிறது, அதைக் குறைக்க முடியும்.

ஹெல்மெட்டை யாரும் மறப்பதில்லை, காதைத்தான் விட்டுவிடுகிறோம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு அதுவே எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே தாங்கும் நேரம் பாதியாகிவிடும். காதை மூடும் இயர்மஃப் கேட்டு வாங்குங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சண்டை வேண்டாம். 'இந்த டப்பாவுக்கான பாதுகாப்புத் தாள் எங்கே இருக்கிறது?' என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். டப்பாவில் உள்ள ரசாயனம் பற்றிய விவரத் தாள் அது (ஆங்கிலத்தில் SDS). அதில் 16 பிரிவுகள் இருக்கும். எட்டாவதில் எந்த மாஸ்க், எந்தக் கையுறை என்று போட்டிருக்கும். அதைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

அப்புறம், டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது எந்த வேலை, எத்தனை வருடம், எந்தப் பொருள் என்று நீங்களாகவே சொல்லுங்கள்.