எம்.ஏ. ஆய்வேடு, தாது வருஷப் பஞ்சம்: மூன்று மாதமாகப் படிக்கிறேன், ஒரு பக்கம்கூட எழுத வரவில்லை

சேலத்துப்பெண்:
வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. ஏப்ரல் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், 80 பக்கம். தலைப்பு "தாது வருஷப் பஞ்சமும் சேலம் மாவட்டமும், 1876-78". இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது, ஆனால் முன்னுரையின் முதல் பத்தியையே ஏழெட்டு முறை எழுதி அடித்துவிட்டேன். நெறியாளர் "தலைப்பைச் சுருக்கிக்கொண்டு வாம்மா" என்கிறார், எப்படி என்று திருப்பிக் கேட்கப் பயம். சோற்றை வீணாக்கினால் எங்கள் பாட்டி தாது வருசத்தைச் சொல்லித்தான் திட்டுவார், அதில் பிடித்த தலைப்பு இது, விட மனமில்லை. என்ன செய்ய?

பழைய ஆவணம்:
தங்கச்சி, இந்தத் தலைப்பில் கேள்வி இல்லை, அதனால்தான் எழுத வரவில்லை. பஞ்சம் என்றால் மழை பொய்த்தது, விலை ஏறியது, கஞ்சித்தொட்டி, காலரா, இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் என்று எல்லாமே உள்ளே வந்துவிடும். ஒரே ஒரு சச்சரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்பவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார். இந்த அளவில் உடம்பு தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார், சில மாதங்களில் கூலியை ஏற்றவும் வேண்டி வந்தது. அந்த ஒரு பவுண்டு சேலத்தில் எப்படி நடைமுறைக்கு வந்தது, அங்கிருந்த அதிகாரிகள் மேலே என்ன எழுதி அனுப்பினார்கள்? 80 பக்கத்துக்கு இது தாராளம்.

இன்னொன்று, அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கை ஒப்பிடும் இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எழும்பூர் வாசகன்:
அண்ணன் சொன்னது சரி. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் போக துறைத்தலைவர் கடிதம், அடையாள அட்டை இரண்டையும் இப்போதே தயார் செய்யுங்கள், அனுமதிக்கு நாள் பிடிக்கலாம். அதற்குள் வீட்டிலிருந்தே பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் எழுதிய இரண்டு தொகுதிகளையும் 1880 பஞ்சக் கமிஷன் அறிக்கையையும் இண்டர்நெட் ஆர்க்கைவில் படித்துவிட்டு, எந்த மாதத்து வருவாய் வாரிய நடவடிக்கைகள் (வாரியத்தின் கடிதங்களும் உத்தரவுகளும் அடங்கிய பதிவுகள்) வேண்டும் என்று குறித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் யோசித்தால் நாள் போய்விடும். குறிப்பு எடுக்கும்போதே கோப்பு எண், தேதி, பக்கம் மூன்றும் எழுதுங்கள். என் எம்.ஃபில். சமயத்தில் தேதி எழுதாமல் விட்ட ஒரே ஒரு கடிதத்துக்காக மதுரையிலிருந்து திரும்ப ரயிலேறினேன்.

கீழ்வானம்:
முன்னுரையைக் கடைசியில் எழுதும்மா. உன் நோட்டில் எதைப் பற்றிக் குறிப்பு அதிகமோ அந்த இயலை நாளைக்கே ஆரம்பி, மொழி கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. நெறியாளரிடம் வெறுங்கையோடு போகாதே. ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போய் "சார், இதில் எது நடக்கும்?" என்று கேள், அவர் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார், பயமும் அதோடு போய்விடும். நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஒன்றும் எழுதாமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளை நினைத்துத்தான் எங்களுக்குக் கவலை. அப்புறம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கும் ஆய்வேடுகளைப் படி, ஆனால் பத்தியை அப்படியே எடுக்காதே. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். மேற்கோள் குறியோடு மூலத்தையும் காட்டிய வரிகள் அந்தக் கணக்கில் வராது.

சேலத்துப்பெண்:
மூன்று பேருக்கும் நன்றி. அந்த ஒரு பவுண்டு கூலிதான் இனி என் தலைப்பு, இன்று ராத்திரியே இரண்டு கேள்வியையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், தாது வருஷத்தைப் பாடிய கும்மிப் பாடல்களைச் சான்றாகக் காட்டலாமா?

பழைய ஆவணம்:
தாராளமாக. எந்த ஆண்டு, எந்த ஊரில் அச்சானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய குஜிலிப் பதிப்புகளை (மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களை) கேட்டுப் பாருங்கள். பாட்டி சொன்னதையும் அவர் வயது, ஊர், கேட்ட தேதியோடு இப்போதே எழுதிவையுங்கள்.