டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் விழாவில் பேசிய பெரியவர்

கூட வேலை பார்ப்பவர் வற்புறுத்தித்தான் இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் டர்ஹாமுக்குப் போனேன். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை அங்கே சுரங்கத் தொழிலாளர் விழா. அந்த வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான வேர்மவுத் 1993-லேயே மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது சண்டர்லாந்து கால்பந்து மைதானம் இருக்கிறது. அப்புறம் எதற்கு விழா என்று எனக்கும் தோன்றியது.

பேண்டு வாத்தியங்களோடு பெரிய பெரிய பதாகைகள் வந்தன, ஒவ்வொரு சுரங்கத்தின் சங்கக் கிளைக்கும் ஒன்று. பக்கத்தில் நின்ற முன்னாள் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். சுரங்கத்தில் சாவு விழுந்த வருடம் அந்தக் கிளை பதாகையில் கறுப்புத் துணி கட்டி வருமாம். ஈசிங்டன் சுரங்கத்தில் 1951-இல் நடந்த வெடிவிபத்தில் மட்டும் 83 பேர் போனார்கள்.

டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1869-இல் தொடங்கியது. அப்போது தொழிலாளி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேர வேண்டும், நடுவில் விட்டுப் போனால் ஜெயிலுக்கே அனுப்பலாம். அந்த முறையை 1872-இல் சங்கம் ஒழித்துக்கட்டியது. நான் ஆஹா என்று தலையாட்ட, பெரியவர் சிரித்துக்கொண்டே அடுத்த கதையை எடுத்தார்.

எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை இதே சங்கம் பல வருடம் எதிர்த்ததாம்! கரி வெட்டுகிறவர்கள் இரண்டு ஷிஃப்டாக வருவார்கள், ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான் உள்ளே இருப்பார்கள். வெட்டிய கரியை வெளியே தள்ளும் பையன்களோ ஒரே ஷிஃப்டில் பத்து மணி நேரம். சட்டம் வந்தால் பையன்களின் நேரம் குறையும், அதைச் சமாளிக்க முதலாளி மூன்றாவது ஷிஃப்டைக் கொண்டுவருவான் என்பது வெட்டுகிறவர்களின் பயம். சங்கம் அவர்கள் கையில்தானே இருந்தது. எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது.

ஆனால் பயந்தது அப்படியே நடந்தது. 1908-இல் சட்டம் நிறைவேறி, 1910-இல் மூன்று ஷிஃப்டு வந்தபோது டர்ஹாமில் பல இடங்களில் வேலைநிறுத்தம். புருஷன் ஒரு ஷிஃப்ட், பிள்ளைகள் வேறு வேறு ஷிஃப்ட் என்றால் வீட்டுப் பெண்களுக்குத் தூக்கம் ஏது? ஒருவனுக்குச் சாப்பாடு, இன்னொருவன் குளிக்கச் சுடுதண்ணீர் என்று ராத்திரி பகலாக அடுப்பு எரிய வேண்டும். சங்கத்தில் ஓட்டு இல்லாத அவர்கள் தலையில்தான் எல்லாம் விழுந்தது என்றார்.

டர்ஹாமுக்குப் போகிறவர்கள் ரெட்ஹில்ஸ் கட்டடத்தையும் விசாரித்துவிட்டுப் போங்கள். 1915-இல் திறந்த சங்கத் தலைமையகம் அது. கிளைப் பிரதிநிதிகள் கூடிய மண்டபத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் நம்பர் உண்டு, எந்தச் சுரங்கத்துக்காரர் எங்கே உட்கார்ந்தார் என்று தெரியும்.