ஆத்தா தட்டில் புரதம்

காரைக்குடி வீட்டு அரட்டைக் குழு, வெள்ளி மாலை (எங்கள் பக்கம் அம்மா ஆத்தா, அக்கா ஆச்சி, அப்பா அப்பச்சி; கண்ணனுக்கு ஆத்தா அப்பத்தா)

மெய்யப்பன்: ஆச்சி, டாக்டர் என்ன சொன்னார்?

அலமு: ஆத்தாவுக்குத் தசை வற்றியிருக்கிறதாம். அதனால்தான் படி ஏறும்போது கால் நடுங்குகிறது. சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்றார். சிறுநீரக டெஸ்ட் நன்றாக இருப்பதால் தைரியமாகக் கூட்டலாமாம்.

மெய்யப்பன்: நம் வீட்டிலா போதவில்லை? ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிறோமே.

அலமு: எடுக்கிறோம் தம்பி. ஒரு வாரமாக ஆத்தா தட்டையே கவனித்தேன். பல் போன பிறகு கறித்துண்டைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறார்கள். குழம்பில் ருசிதான் இறங்கும். புரதம் பெரும்பாலும் துண்டிலேயே தங்கிவிடும்.

உமையாள்: மற்ற நாளில் என்ன சாப்பிடுகிறார்கள் ஆச்சி?

அலமு: காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி. நடுவில் காபி. எல்லாம் கூட்டினால் 25 கிராம் தேறினால் பெரிது. ஆத்தா எடை 50 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் கணக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதுவே 42 ஆகிறது. இந்த வயதில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது என்றார் டாக்டர்.

மெய்யப்பன்: அப்படியென்றால் தினம் கோழி வாங்குங்கள். பணம் அனுப்புகிறேன்.

கண்ணன்: அப்பச்சி, தினம் கறி வேண்டாமே. ஆடு, மாட்டின் செரிமானத்தில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது. கோழியில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் விளைவிக்க வேண்டும். பயறு வகைகள் வேரிலேயே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், உரம் அவ்வளவு கேட்காது. 2019-ல் ஈட்-லான்செட் ஆணையம் (உடம்புக்கும் பூமிக்கும் ஏற்ற உணவை ஆராய்ந்த அறிஞர் குழு) சொன்ன அளவில் பருப்பு, பயறு, சோயா சேர்த்துத் தினம் 75 கிராம். சிவப்பு இறைச்சி வாரத்துக்கே 100 கிராம் போலத்தான்.

கண்ணன்: அப்பத்தாவுக்கு முழுச் சைவமாகவே மாற்றிவிட்டால் என்ன அயித்தை?

அலமு: வேண்டாம் கண்ணா. பி12 வைட்டமின் பயறில் கிடையாது. கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. அப்பத்தா பால் குடிப்பது காபியோடு சரி. கறியில் உள்ள இரும்புச்சத்தும் உடம்பில் எளிதாகச் சேரும். ஆனால் நீ சொன்ன அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. கொழுப்பைப் போலப் புரதத்தை உடம்பு சேமித்து வைக்காது. ஞாயிறு ஒரே நாளில் சமைப்பதை வாரம் முழுக்கப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உமையாள்: கோலா உருண்டை?

அலமு: அதையேதான் நினைத்தேன்! கால் கிலோ கொத்துக்கறியோடு பொட்டுக்கடலைப் பொடி, தேங்காய், சோம்பு அரைத்துச் சேர்த்தால் எல்லோருக்கும் வரும். அரைக் கிலோ வேண்டாம். ஆத்தாவுக்கு மட்டும் எண்ணெயில் பொரிக்காமல் கொதிக்கும் குழம்பில் விட்டு வேகவைக்கிறேன், ஈறாலேயே மென்றுவிடலாம். கறியும் கடலையும் ஒரே உருண்டையில். நம் சமையலில் இது எப்போதும் இருந்ததுதான், விசேஷத்துக்கு மட்டும் என்று நாம்தான் ஒதுக்கிவிட்டோம்.

அலமு: மற்ற நாளில் பருப்பு உருண்டைக் குழம்பு, மசித்த சுண்டல், ஒரு முட்டை. முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் முள் எடுத்த மீன். இட்லியை நிறுத்த வேண்டாம். அரிசியில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறு உளுந்தில் இருக்கிறது.

உமையாள்: மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வையுங்கள், ஆத்தாவுக்கு உயிர்.

அலமு: பிரஷர் இருக்கிறதே உமையா, கருவாட்டு உப்பு ஆகாது. மொச்சையை மட்டும் தோலுரித்துக் குழைய வேகவைக்கிறேன்.

கண்ணன்: சோமவாரத்தில் அப்பத்தா முட்டைகூடத் தொட மாட்டார்களே?

அலமு: அன்று உளுந்தங்களி, மதியம் பருப்பு, கெட்டித் தயிர். பக்கத்தில்தான் இருக்கிறார்கள், படித்துக் காட்டினேன். களிக்கு நல்லெண்ணெய் தாராளமாக விடச் சொல்கிறார்கள்.

மெய்யப்பன்: சரி ஆச்சி. கோழிக்கு நினைத்த பணத்தைப் பருப்புக்கும் முட்டைக்கும் அனுப்புகிறேன்.

அலமு: அனுப்பு. மொச்சையை இப்போதே ஊறப்போட்டுவிட்டேன்.