8 மாதத்தில் மறுபடியும் கிழிந்த லோயர் ஆர்ம் புஷ்: மறுபரிசோதனைக்கு 10 நாள்தான் இருக்கிறது

அப்பாவின்_கார்:

வணக்கம். என் காருக்கு 21 வயது. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். முன்சக்கர இழுவை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்). போன வாரம் தகுதிப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாளில் மூன்று குறைகள்: முன் இடது பால் ஜாயின்டில் (ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு) ஆட்டம், இரண்டு லோயர் ஆர்மிலும் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் இரும்புக் கை) முன்பக்கப் புஷ், அதாவது பாடிப் பக்கம் உள்ள ரப்பர், கிழிசல், பின் வலது ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு.

என் மனதைக் குடைவது அந்தப் புஷ்தான். 8 மாதத்துக்கு முன்புதான் நானே இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. இடது, வலது இரண்டிலும் அதே இடத்தில்! மட்டமான சாமானா, இல்லை என் வேலையில் தப்பா?

இன்னொன்று, பால் ஜாயின்ட். லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். துளியும் அசையவில்லை. பரிசோதகர் சொன்னதை நம்பி மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்பேனர்_14:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். புஷ் போட்ட அன்று ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கும்போது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா?

அப்பாவின்_கார்:

தொங்கிக்கொண்டிருந்தது அண்ணா. வண்டி ஸ்டாண்டில் நின்றது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத்தான் கீழே இறக்கினேன்.

ஸ்பேனர்_14:

அப்படியென்றால் சாமானைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்தது என்று நீங்கள் எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தப் புஷ் கதவுக் கீல் மாதிரி சுற்றுகிற சாமான் இல்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலே கீழே போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். நீங்கள் ஆர்ம் தொங்கும்போது இறுக்கியதால், ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலை ஆகிவிட்டது. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வந்தது, ரப்பர் முறுக்கிக்கொண்டது. வண்டி சும்மா நிற்கும்போதுகூட அது முறுக்கிலேயே இருந்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் சேர்ந்து இன்னும் முறுக்கும். 8 மாதம் தாங்கியதே பெரிது.

செய்ய வேண்டியது இதுதான். எதையும் கழற்றும் முன், வண்டி சமதளத்தில் தன் காலில் நிற்கும்போது சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். புது ஆர்மை மாட்டும்போது போல்ட்டைக் கையால் மட்டும் விட்டுவைத்து, பால் ஜாயின்ட் பக்கமாக ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

பால் ஜாயின்ட் விஷயத்தில் பரிசோதகர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் மேலிருந்து அழுத்தும், ஜாயின்ட் இரண்டுக்கும் நடுவில் நெருங்கிக்கொள்ளும். இருக்கிற ஆட்டமும் மறைந்துவிடும். வண்டியின் பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விடுங்கள். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கிற பாகம்) நடுவில் நீளமான லீவரைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். யாராவது ஒருவர் ஜாயின்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். சக்கரத்தை ஆட்டும்போது சந்தேகம் வந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங், நிற்காவிட்டால் ஜாயின்ட்.

புஷ், ஜாயின்ட் இரண்டும் போயிருப்பதால் தனித்தனியாக வாங்காமல் முழு ஆர்மாகவே வாங்குங்கள். புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்குகிற வேலை மிச்சம்.

மழைச்சாரல்:

ஸ்பேனர் அண்ணா முன்பக்கத்தைச் சொல்லிவிட்டார், பின்பக்கத்துக்கு நான். ஷாக்கின் மேல் லேசாக ஈரம் பூத்து அதில் தூசி படிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது வேறு, சொட்டு வழிந்து இறங்குவது வேறு. உங்களுடையதைக் கசிவு என்று எழுதியிருப்பதால் வழிந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இடதும் வலதும் சேர்த்தே மாற்றுங்கள். பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் இருந்தால் வளைவில் வண்டி ஒரு மாதிரி அலையும். வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவதை நம்பாதீர்கள். முழுசாகச் செத்த ஷாக் மட்டும்தான் அதில் மாட்டும்.

ஆர்மை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். முன் டயர்களின் உள்விளிம்பையும் தடவிப் பாருங்கள். அங்கே தேய்ந்திருந்தால் அதற்கும் தனியாகத் திருப்பி அனுப்பக்கூடும்.

அப்பாவின்_கார்:

8 நாள் கழித்து வருகிறேன். தேறிவிட்டது!

அண்ணா சொன்ன மாதிரி பாடியைத் தூக்கி நெம்பினோம். என் மனைவி ஜாயின்டில் விரல் வைத்திருந்தாள். முதல் நெம்பலிலேயே "டக்கென்று அடிக்கிறது" என்றாள். நான் ஒரு மணி நேரம் சக்கரத்தை ஆட்டியும் கிடைக்காதது.

இடது பக்கம் ஜாயின்டைக் கழற்றுவதில்தான் பாதி நாள் போனது. நக்கிளில் ஒரு குறுக்குப் போல்ட் பிடித்திருந்தது. அதைத் தளர்த்திவிட்டு ஆர்மை எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஜாயின்டின் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. முழுசாக உருவினால்தான் விடும். துரு எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் உருவினேன்.

அளவு இடதில் 37 சென்டிமீட்டர், வலதில் 36.5. அந்த உயரத்துக்குத் தூக்கித்தான் இறுக்கினேன். இறுக்கும் முன் புது புஷ்ஷின் உள்குழாயிலும் வளையத்திலும் சாக்பீஸால் ஒரே கோடு போட்டிருந்தேன். வண்டியை இறக்கிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தால் கோடு கோணாமல் நேராக நிற்கிறது. பழைய ஆர்மை மாட்டும்போது இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அலைன்மென்டும் பார்த்தாயிற்று. பின்னால் இரண்டு ஷாக்கும் புதிது. பரிசோதகர் அதே லீவரை வைத்து இரண்டு பக்கமும் நெம்பிவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த வரிக்குப் போனார். ஸ்பேனர் அண்ணாவுக்கும் மழைச்சாரலுக்கும் ரொம்ப நன்றி.

ஸ்பேனர்_14:

சந்தோஷம் தம்பி. கொஞ்ச நாள் ஓடிய பிறகு அந்தப் போல்ட்டுகளில் மறுபடியும் டார்க் ரென்ச்சை வைத்துப் பாருங்கள். அப்போதும் சக்கரம் தரையில் இருக்கட்டும்.